கமராவுக்குள் தலவில மண்

அப்பாவின் கமரா இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. இப்படியான பழையவற்றைத் திருத்துகிற ஒருவர் கொழும்பில் இருக்கிறாராம், கொண்டுபோகட்டா என்று மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அது என் அம்மாவின் பதில். சிறுமியாக இருந்தபோது அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு அழுகை வரும்.

அப்பாவுக்கும் அது அவருடைய அப்பாவிடமிருந்து வந்ததுதான். தென்னந்தோட்டத்து பங்களாவில் சமையல் வேலை செய்த அவருக்கு, தன் நாட்டுக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். மூடியைத் திறந்தால் கறுப்புத் தோல் மடிப்பு மடிப்பாக விரிந்து, நுனியிலிருக்கும் கண்ணாடி முன்னால் வரும். அப்பாவுக்குத் தொழில் கடல். ஆனால் மார்ச் மாதம் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழா வந்தால் வலையை மடித்து வைத்துவிட்டு, கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோயில் வளவுக்குப் போய்விடுவார். மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்திருக்கும் குடும்பங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார். எனக்குக் கோயிலில் முதல்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, கொடுக்கும் நாளில் வெள்ளை உடுப்போடு ஒரு படம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடல் குழம்பிவிடும். அப்போது ஆண்கள் வள்ளங்களோடு மன்னாருக்கு வடக்கே போய், கரையில் வாடி என்கிற ஓலைக்குடில் போட்டுத் தங்கி மீன்பிடிப்பார்கள். காற்று விட்டதும் ஊருக்கு வருவார்கள். சண்டை தொடங்கிய பிறகும் சிலர் போனார்கள். அப்பாவும் போனார். காற்று விட்டு, மற்ற வள்ளங்கள் வந்து சேர்ந்தன. அப்பாவின் வள்ளம் வரவில்லை. நேவி பிடித்தது என்றார்கள், துவக்குச் சூடு பட்டது என்றார்கள், இந்தியாவுக்குப் போயிருக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆளுக்கொரு கதை.

அதற்குப் பிறகு ஊர்ப்பெண்கள் அம்மாவோடு கதைக்கும்போது குரலைத் தாழ்த்தினார்கள். அப்பாவின் பேச்சு வந்தால் நிலத்தைப் பார்த்தார்கள். ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் கறுப்புத் துணி வாங்கிவந்து கொடுத்தார். அம்மா மறுக்காமல் வாங்கி, அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டார்.

அடுத்த மார்ச் திருவிழாவில் அம்மா கோயிலிலிருந்து ஒரு கை மண் எடுத்துவந்தார். எங்கள் ஆட்களுக்கு அது வழக்கம். நோய் என்றால் உடம்பில் பூசுவோம், புது வலை என்றால் அதன்மேல் தூவுவோம், தூரத்தில் இருப்பவர்கள் பத்திரமாக வரவேண்டுமென்றால் அவர்களுடைய சாமானுக்குள் போட்டு வைப்போம். அப்பாவின் சாமான்களில் கமராவைவிடப் பெறுமதியானது வேறொன்றும் இருக்கவில்லை. அம்மா அதன் தோலுறைக்குள் மண்ணைப் போட்டு மூடினார். அன்றைய நாளோடு கமரா வேலை செய்யாமல் போனது.

அதைக் கண்டுபிடித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. உப்பளத்தில் வேலை செய்தார்.

"அக்கா, தலவில ஆவணித் திருவிழாவோட புள்ளைக்குப் புதுநன்மை. அதுக்கு முந்தி இதைத் திருத்தி எடுப்பம். அத்தானோட நிண்டு நானும் கொஞ்சம் பழகியிருக்கிறன்தானே."

"நீ எடுத்தா எல்லாற்ற தலையையும் வெட்டித்தான் எடுப்பாய்."

"உடுப்பு படத்தில விழுந்தாப் போதும். புள்ள அதுக்குத்தானே அழுகுது." பிறகு சொன்னார். "இல்லாட்டி வித்துப்போடுவம் அக்கா. சும்மா வைச்சுப் பாத்துக்கொண்டிருந்து என்ன செய்ய?"

"பார்ப்பம்" என்றார் அம்மா.

அந்தக் கிழமையே என்னையும் கூட்டிக்கொண்டு சிலாபத்துக்கு வெளிக்கிட்டார். எங்களுக்குக் கிட்ட, புத்தளத்திலேயே படக்கடை இருந்தது. அப்பா படங்களைக் கழுவுவதற்கு அங்கேதான் கொடுப்பார். இருந்தும் அம்மா சிலாபத்துக்கே போனார். வழியில் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் கமராவை வாங்கி, பித்தானை அமத்திப் பார்த்தான். சத்தம் வரவில்லை. பழுதானது, திருத்தக் கொண்டுபோகிறோம் என்று அம்மா சிங்களத்தில் சொன்னார். திருப்பித் தந்துவிட்டான்.

கடைக்காரர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கமராவை ஒரு பேப்பரின்மேல் கவிழ்த்துத் தட்டினார். மண் பொலபொலவென்று கொட்டியது.

"என்ன தங்கச்சி, கடற்கரையையே கொண்டுவந்திருக்கிறீங்க?"

"தலவில மண் ஐயா."

அவர் ஊதித் தள்ளுவதற்கு எடுத்த மூச்சை அடக்கிக்கொண்டார். மண்ணை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"உள்ளுக்கும் போயிருக்கு. கழட்டி முழுக்கத் துடைச்சாத்தான் வேலை செய்யும்."

"மண்ணை உள்ளுக்கு விட்டிட்டு மத்ததைத் திருத்த ஏலாதா?"

பகிடியோ என்று அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"ஏலாது தங்கச்சி. ஒண்டில் மண் இருக்கோணும், இல்லாட்டிக் கமரா ஓடோணும். இது ஆர்ட சாமான்? உங்கட வீட்டு மாத்தயாட்ட கேட்டீங்களா?"

"அவர்ட சாமான்தான். வாடிக்குப் போயிருக்கிறார். சோளகம் விட வருவார்."

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். குரல் தாழவில்லை. கடைக்காரரும் நிலத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப அவர் வரட்டும். கேக்காமக் கழட்டினா உங்களுக்குத்தான் ஏச்சு விழும்."

"விழும், விழும். கமராவில ஆரும் கைவைச்சா அவருக்குப் பிடிக்காது. ஆனா ஈரச் சாரத்தை மட்டும் கதிரையில போட்டிட்டுப் போவார். எத்தனை தரம் சொல்லியும் கேக்கமாட்டார்."

"எல்லா வீட்டிலயும் அதே கதைதான் தங்கச்சி. என்ட மனிசியக் கேட்டா என்னைப்பற்றி விடியவிடியச் சொல்லுவா."

அம்மா மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். அப்பா தேத்தண்ணி ஆறிய பிறகு குடித்துவிட்டு ஆறிப்போச்சு என்று குறை சொல்வதையும், திருவிழாக் காலத்தில் வீட்டுக்குச் சாப்பிட வராமல் கோயில் வளவிலேயே நிற்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குக் கால் உளைந்தது.

"அம்மா, அப்ப என்ட படம்?"

"அப்பா வரட்டும் மகள்."

பேப்பரில் கிடந்த மண்ணை ஒரு பருக்கையும் விடாமல் வழித்து உறைக்குள் போட்டார். கடைக்காரர் மாத்தயாவையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார். ஓம் என்றார் அம்மா.

அதன்பிறகும் நாங்கள் பலதரம் அந்தக் கடைக்குப் போனோம். ஒருதரமும் கமராவைக் கொடுத்துவிட்டு வரவில்லை. அம்மாவின் முடிவெடுக்கத் தெரியாத குணம் என்று நீண்டகாலம் நினைத்திருந்தேன். தன் புருசனைப் பற்றி அம்மா குறை சொல்லக்கூடிய இடம் அந்தக் கரை முழுவதிலும் அது ஒன்றுதான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்த முதல்நாள், திரும்பும் பஸ்ஸில், அம்மா யன்னலோரம் இருந்தபடி தனக்குள் சிரித்தார். அப்பா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். அடுத்தமுறை கமராவைத் திருத்தக் கொடுப்பதென்று முடிவெடுத்துவிட்டார், வெள்ளை உடுப்போடு எனக்கு ஒரு படம் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு நானும் சேர்ந்து சிரித்தேன்.