சரசு அக்காவின் ஏழு மணி

சரசு அக்கா போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை, பெர்மாஸ் ஜெயா பஸ் ஸ்டாப்பில். இன்னும் விடியவில்லை... பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் நான்தான் இருந்தேன். “பஸ் வருதுக்கா” என்று தோளைத் தொட்டேன்.

இதை அழுதுகொண்டு எழுதவில்லை. அருவருப்பில் எழுதுகிறேன். நேற்றுப் பார்த்ததை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானும் அக்காவும் சிங்கப்பூரில் ஒரே ஃபேக்டரி, ஒரே பேக்கிங் செக்ஷன். அக்கா பாலோ பக்கம் தோட்டத்தில் பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷக்கணக்காக இரண்டு பேரும் இருட்டில் மலேசியாவிலிருந்து பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய், இருட்டில் திரும்பியவர்கள்.

அக்கா ஃபோனில் ஒரு கணக்கு ஷீட் வைத்திருந்தார். ரொம்பச் சாதாரண ஷீட். இடது பக்கம் சிங்கப்பூர் காசு, வலது பக்கம் மலேசியக் காசு, கடைசியில் மீதி. இடது பக்கம் எதைப் போட்டாலும் அதுவே ரிங்கிட்டாக மாற்றி மீதியில் கூட்டும், கழிக்கும்.

பஸ்ஸும் காலைச் சாப்பாடும் எங்களுக்குள் பங்கு. அதனால் என் ஃபோனிலும் அந்த ஷீட் திறக்கிற மாதிரி செய்திருந்தார். யார் அதில் எழுதினாலும் அவர் பேர் கட்டத்தில் தெரியும்.

ஒருநாள் இமிகிரேஷன் வரிசையில் நின்றபடி மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

“ஒரு கரிபாப்புக்கெல்லாம் ஒரு லைனாக்கா? அலமாக்!”

“தின்னது நீதானே? ஒம் பேர்லதான் போட்டிருக்கேன் லா.”

நிஜமாகவே போட்டிருந்தார். என் பேர், பக்கத்தில் கரிபாப். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம்.

ஷீட்டின் உச்சியில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி. ‘ஏழு மணி.’

வேலையை விட்டுவிட்டு, இந்தப் பக்கமே சின்னதாக ஏதாவது பார்த்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கு எழுந்திருக்க இன்னும் எவ்வளவு சேர வேண்டும்... அந்தத் தொகை.

“வேற ஒன்னும் வேணாம்மா. மூஞ்சில வெயில் பட்டு எழும்பணும். அவ்ளோதான்.”

மாதா மாதம் அது குறையும். சம்பள நாளில் பஸ்ஸில் கடைசி சீட்டிலிருந்து ஃபோனைத் தூக்கிக் காட்டுவார், மார்க் காட்டும் பிள்ளை மாதிரி. போன தீபாவளிக்கு முன்னால் “இன்னும் கொஞ்சந்தான்” என்றார்.

அப்போதுதான் அவருடைய அண்ணன் வந்தார். சிம்பாங் ரெங்கமில் வீடு. வாசலில் கார் நிறுத்தக் கூரை போட வேண்டுமாம்.

இதே ஷீட்டைப் பார்த்து “பிச்சக்காரி கணக்கு” என்று எல்லோர் முன்னாலும் சிரித்த மனிதர். அந்தப் பிச்சைக்காரியிடம் கை நீட்ட வெட்கமில்லை.

அக்கா கொடுத்துவிட்டார். மஞ்சள் வரி பழையபடி ஏறிவிட்டது.

“அண்ணனாச்சேம்மா, என்ன பண்றது” என்றார். மறுநாளும் அதே இருட்டு, அதே பஸ் ஸ்டாப்.

நேற்று, அக்கா வீடு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அந்தக் கரிபாப் வரிகளையாவது பார்க்கலாம் என்று ஷீட்டைத் திறந்தேன்.

அதில் ‘சரசு’ என்ற பெயர் நகர்ந்துகொண்டிருந்தது. கட்டம் கட்டமாக... எதையோ டைப் செய்துகொண்டு.

எனக்கு உயிர் போய் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூடாரத்தடியில் அண்ணன். கையில் அக்காவின் ஃபோன்.

பெட்டி. வண்டி. மாலை. கூடாரம். சாவுச் செலவைக் கழித்தால் எவ்வளவு தேறும் என்று அக்காவின் கணக்கிலேயே பார்க்கிறார்! “மாலைதான் கொஞ்சம் ஓவர் லா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் புலம்பல் வேறு.

எல்லாவற்றையும் இடது பக்கத்தில், சிங்கப்பூர் காசாகப் போட்டுவிட்டார். ரிங்கிட் செலவெல்லாம் மூன்று மடங்குக்கு மேல் பெருகி, மீதி மளமளவென்று சரிந்துவிட்டது.

“யாரு காசெடுத்தது?”

கூடாரமே திரும்பிப் பார்த்தது. நேராக என்னிடம் வந்தார். “இதுல பூரா ஒம் பேருதானே இருக்கு? சொல்லு!”

கரிபாப்பை வைத்து என்னைத் திருடியாக்கிவிட்டார். அக்காவின் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, அது சிங்கப்பூர் காசு போடற பக்கம். இங்க பண்ண செலவ வலது பக்கம் போடுங்க” என்றேன்.

மாற்றிப் போட்டார். மீதி ஏறியது. சிரித்தார்.

தங்கை பெட்டியில் கிடக்கிறார்... இவர் பல் தெரியச் சிரிக்கிறார். “பரவால்ல, இருக்கு இருக்கு” என்று மனைவிக்குக் கைகாட்டுகிறார். வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

அடுத்த நிமிஷமே துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், “எந்தங்கச்சி கடைசி நாள் வரைக்கும் ஒழச்சவ” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ச்சீ.

பெட்டியை எடுத்த பிறகு மறுபடி ஷீட்டைப் பார்த்தேன். மஞ்சள் வரியைக் காணோம். அவரிடமே கேட்டேன்.

“அதா? வரவும் இல்ல, செலவும் இல்ல. எதுக்கு அந்த லைனு? அழிச்சிட்டேன்.”



இன்று காலை பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பப் போட்டேன். அதே உச்சியில், அதே மஞ்சள் நிறத்தில். ‘ஏழு மணி.’

இன்னும் எவ்வளவு சேர வேண்டும் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.

தூங்குங்க அக்கா. பஸ் போகட்டும்.