தை மாதத்தில் வந்த சரஸ்வதி பூஜை

திருவனந்தபுரத்துக்கு வாழ வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு இன்னும் அதிசயம்தான். நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் பிள்ளைகளின் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலை வரை இங்கே ஓர் எழுத்துப் படிக்கக்கூடாது. கரமனையில் எங்கள் பக்கத்து வீட்டு லதா சேச்சி அந்த நாளில் பேப்பரைக்கூடப் பிரிக்க மாட்டார். தென்காசியில் நாங்களும்தான் புத்தகம் வைத்தோம். ஆனால் வாயில் போட்ட பொரிகடலை தீருமுன்னே எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். படிக்காமல் இருப்பதற்கென்று சாமியே விடுமுறை தருகிற ஊர் இது என்று என் மகள் கோமதிக்கு அத்தனை சந்தோஷம்.

கோமதி இரண்டாம் வகுப்பு. ஆங்கிலப் பள்ளிக்கூடம். திங்கட்கிழமைதோறும் டெஸ்ட் உண்டு. வினாத்தாள் எங்கோ ஒரு கம்பெனியில் அச்சாகி வரும். பிள்ளைகள் விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். திருத்துவது மெஷின். மார்க்கு குறைந்தால் அடுத்த வருஷம் வேறு பேட்ச், வேறு அறை. ஏழு வயசுப் பிள்ளையைத் தரம் பிரிக்க இது என்ன வெண்டைக்காயா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவளுக்கு வயிற்றுவலி ஆரம்பித்துவிடும். "அம்மா, கறுப்பு வட்டத்துக்கு வெளிய போனா மெஷின் நம்மள அறியுமா?" என்று கேட்டாள் ஒருநாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை. குளித்துவிட்டு விளக்கேற்றப் போனால், சாமி படத்துக்கு முன்னால் பட்டுத்துணி போர்த்தி ஏதோ இருக்கிறது. மேலே குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. துணியை விலக்கினேன். டெஸ்ட் பயிற்சிப் புத்தகம். "தொடாதம்மா! பூஜை வச்சிருக்கு!" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள் கோமதி. தோசை மாவு கேட்க வந்த லதா சேச்சி, இன்றைக்கு ஏது பூஜைவைப்பு என்று வாசலில் நின்று சிரித்தார்: "இது எந்தா மோளே, இந்நு பூஜவைப்பாணோ?" பிள்ளை சிரிக்கவில்லை. எப்போது எடுப்பாய் என்று கேட்டதற்கு, "எடுக்கவே மாட்டேன்" என்று தேம்பினாள்.

பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசப்போகிறேன் என்றதும், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், "நாம பிழைக்க வந்தவங்க, நமக்கு எதுக்குட்டி வம்பு?" என்றார். "பிழைக்க வந்தது நாம. அவ இங்கதான் பிறந்தா" என்றேன். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பிரின்சிபால் நல்ல மாதிரிதான். இனி இவள் டெஸ்ட் எழுதமாட்டாள் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அவர் பதறி, "அய்யோ, சுகமில்லே? மெடிக்கல் சர்டிபிகேட் தந்நால் மதி" என்றார். அது போதுமாம். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றதும், டியூஷன் கேட்கிறேன் என்று நினைத்து ஒரு டீச்சரைக் கூப்பிடப் போனார். எழுதவேண்டாம் என்று ஒருத்தி கேட்கக்கூடும் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "நிங்ஙளுடெ நாட்டில் இங்ஙனெயாணோ?" என்று, உங்கள் நாட்டில் இப்படித்தானா என்கிற மாதிரி கேட்டாரே பார்க்கணும்! "எந்த நாடானாலும் இட்லிச் சட்டி ஒண்ணுதான் மேடம்" என்றேன். "நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பாத்துட்டே இருந்தா மாவு எப்ப வேகும்? பாடம் நடத்துங்க, வீட்டுப்பாடம் குடுங்க, அவ வாயால கேளுங்க, சொல்லுவா. அந்த வட்டம் மட்டும் வேண்டாம்." மார்க்கு இல்லாவிட்டால் கடைசி பேட்ச்தான் என்றார். போடுங்கள் என்றேன். டெஸ்ட் நேரத்தில் லைப்ரரியில் உட்காரட்டும் என்று பெருமூச்சோடு ஒத்துக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களில் அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

தென்காசியில் என் அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் போனில் பொரிந்து தள்ளினாள். "கேரளாவுல போய்ப் படிப்பு வேண்டாங்கியே, கிறுக்குப் பிடிச்சிருக்காட்டி உனக்கு? பொம்பளப்பிள்ள வாழ்க்கைல விளையாடுத!" அப்படிப் பேசியவள், பங்குனியில் தானே கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய மகள் பரீட்சை நாளெல்லாம் காலையில் வாந்தி எடுக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல் என்றேன். "அது உங்க ஊருட்டி, கேப்பாங்க. இங்க யாரு கேக்கா?" என்றாள். உங்க ஊர். ஒரே வீட்டில் பிறந்து ஒரே பாயில் படுத்தவள் சொல்கிறாள். பிரின்சிபாலுக்கு என் நாடு அங்கே, அக்காவுக்கு என் ஊர் இங்கே. அன்றைக்கு வந்த கோபத்தில் நேரே கிழக்கேகோட்டைக்குப் போய், அங்கிருந்து தம்பானூர் ஸ்டாண்டுக்கு நடந்து, தென்காசி பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் அக்காவோடு அவள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடம்தான் அது. அப்போது வாசலில் நின்ற வேப்பமரத்தைக் காணோம், அந்த இடத்தில் மார்க்கு போர்டு வைத்திருந்தார்கள். சின்னப்பிள்ளைகளுக்கு இத்தனை பரீட்சை எதற்கு சார் என்று ஆரம்பித்து, தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னையறியாமல் என் பேச்சில் மலையாள இழுப்பு வந்திருக்க வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க வெளியூரா?"

ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? அக்கா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"என் கூடப்பிறந்தவ சார். அவ சொல்லுததத்தான் நானும் சொல்லுதேன்."