இதர வசதிகள்

ஒரு தொழிற்சங்கப் போராட்டத்தை ஜெயிக்கவைத்தவள் நான். எந்தச் சங்கத்தின் ஆண்டு மலரிலும் இது அச்சாகவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. முழுநேர வேலை, பாண்டி ஆடுவது.

பெங்களூரில், காக்ஸ் டவுனுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா இல்லை. அம்மா பக்கத்து மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். அம்மாவின் தம்பியான மாமாவும் அதே மில்தான், தறிப் பிரிவு. சங்கச் செயலாளர் என்பதால் வருஷத்தில் பாதி நாள் சஸ்பெண்டில் இருப்பார். ஆகவே எங்கள் வீட்டில் உலை கொதித்தது அம்மாவின் வேலையை நம்பித்தான்.

அம்மாவிடம் ஒரு விசேஷம் உண்டு. காலையில் அரை டம்ளர் காபியோடு கிளம்பிவிடுவாள்; அப்புறம் வேலை முடியும்வரை தண்ணீரைத் தொடமாட்டாள். சாயங்காலம் சங்கு ஊதி வீட்டுக்கு வந்ததும், காலைக்கூடக் கழுவாமல், ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள். மடக் மடக்கென்ற சத்தத்தை நான் எண்ணுவேன். இருபத்திரண்டு வரை போனதுண்டு. என் அம்மாவைப்போல் தண்ணீர் குடிக்க ஊரில் ஆள் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் பிரிவில் அறுபது பெண்கள். மேஸ்திரியின் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி; ஆணியில் ஒரு பித்தளைப் பில்லை. கக்கூஸுக்குப் போகிறவள் அதை எடுத்துப்போய், திரும்பி வந்து மாட்ட வேண்டும். அதுவரை அடுத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அறுபது பேருக்கும் அந்த ஒரே பில்லைதான். இந்த வழக்கத்தை ஒழிக்கச் சொல்லிச் சங்கம் மனுக் கொடுத்தது. மொத்தம் பதின்மூன்று கோரிக்கைகள். பன்னிரண்டை மாமா முழக்கமாக எழுதிவிட்டார். பதின்மூன்றாவதில் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. 'இதர வசதிகள்' என்று போட்டார். இதர வசதிகள் என்றால் என்னவென்று மானேஜர் கேட்டபோது, மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

ஒரு நாள் அம்மா பில்லையோடு திரும்பி வரும்போதே சங்கு ஊதிவிட்டது. முந்தானையில் முடிந்ததை மறந்து அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் மாட்டிவிடலாம் என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் பார்த்தேன். நல்ல வட்டம், நல்ல கனம். ஓட்டாஞ்சில்லு போட்ட இடத்தில் நிற்காமல் துள்ளும். இதுவோ அதிகாரி மாதிரி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. ஒரே ஓர் ஆட்டத்துக்கென்றுதான் எடுத்துப்போனேன். ஐந்து கட்டம் தாண்டினேன். தெருவே வாயைப் பிளந்தது. ஆறாவது கட்டத்துக்கு வீசும்போது பெருமை கையில் ஏறிவிட்டது. பில்லை மோரியில் விழுந்து, ஊர்ச் சாக்கடையோடு போயே போய்விட்டது.

மறுநாள் காலை அம்மா படத்தைத் திருப்பினாள், பாயை உதறினாள், அரிசிப் பானைக்குள்ளும் கையை விட்டாள்.

"பில்லையப் பாத்தியாடி?"

"எந்தப் பில்லை?" என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த இயல்பு மட்டும் வாய்க்கவில்லை.

"போச்சு. இன்னிக்கு என் சீட்டக் கிழிச்சுடுவான்" என்று சொல்லிக்கொண்டே அம்மா போனாள்.

மத்தியானம் பள்ளிக்கூட மணி அடித்ததும் மில் வாசலுக்கு ஓடினேன். அறுபது பெண்களும் ரோட்டில் நின்றார்கள். அடுத்த வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"காலைலேர்ந்து மேஸ்திரி, பில்லை எங்கன்னு கன்னடத்துல 'பில்லெ எல்லி, பில்லெ எல்லி'ன்னு ஒரே பாட்டு. பில்லை வராம ஒருத்தியும் நகரக்கூடாதுன்னுட்டான். ஏழு மாசப் புள்ளத்தாச்சி ஒருத்தி அழுவுறா. உங்கம்மா எழுந்தா பாரு! 'வாடி, நான் கூட்டினு போறேன்'னு அவ கையப் புடிச்சா. அப்புறம் இன்னா, அத்தினி பேரும் பின்னாடியே போயிட்டோம்!"

மானேஜர் வந்து அம்மாவை மட்டும் வேலையைவிட்டு வெளியே அனுப்பியிருக்கிறார். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் கூடவே வந்துவிட்டார்கள். நான் நிற்கும்போதே தறிப் பிரிவு ஆண்களும் கொடியோடு வந்து சேர்ந்தார்கள். தேர் இல்லாமல் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பயம் எப்போது குதூகலமாக மாறியதென்று எனக்கே தெரியவில்லை.

மாமா ஒரு கள்ளிப்பெட்டியின் மேல் ஏறினார். "தோழர்களே! இன்றைய உலக நிலைமையில்..."

"அண்ணே!" என்றாள் அக்கா. "உலகம் எங்கியும் ஓடிப்போவாது. கக்கூஸச் சொல்லு!"

கூட்டம் சிரித்தது. மாமாவின் காது சிவந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்: "கக்கூஸுக்குப் போறதுக்கு எவன் பில்லையும் எங்களுக்கு வேணாம்!"

ரோடு அதிர்ந்தது. "பில்லை ஒழிக! பில்லை ஒழிக!" அதை முந்தின நாளே ஒழித்துவிட்டிருந்த நான், எல்லோரையும்விட உரக்கக் கத்தினேன்.

பேச்சுவார்த்தைக்கு மாமாவைக் கூப்பிட்டார்கள். பெண்கள் விடவில்லை. "அண்ணன் மறுபடியும் ஃபேனப் பாத்துனு நிக்கும்" என்று சொல்லி, அம்மாவையும் அக்காவையும் கூடவே அனுப்பினார்கள். கேட் மூடிக்கொண்டது. அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தால் ஜென்மத்துக்கும் பாண்டி ஆடுவதில்லை என்று வேண்டிக்கொண்டேன். (வெள்ளிக்கிழமை வரை ஆடவில்லை.)

கேட் திறந்தது. முதலில் அம்மாதான் வந்தாள். இரண்டு கைகளையும் தூக்கி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இனி பில்லை கிடையாது. அவள் வேலையும் போகவில்லை. அறுபது பேரும் கையை விரித்துக் காட்டிக்கொண்டே உள்ளே போனார்கள். நானும் விரித்துக்கொண்டு பின்னால் போனேன்; காவலாளி காதைப் பிடித்து வெளியே விட்டார்.

சாயங்காலம் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "மூச்சு விடாத. சங்கம் பிளான் பண்ணித்தான் பில்லைய எடுத்துச்சுன்னு கூட்டத்துல பேசிட்டேன்."

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல அரை டம்ளர் காபி குடித்தாள். உப்புமாவில் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு, கிளம்பும் நேரத்தில், ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, வாசற்படியில் நின்று நிதானமாகக் குடித்தாள். எண்ணுவதற்குச் சத்தமே வரவில்லை.

"இன்னாம்மா, உப்பு ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் உப்புமாவை ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.