பசுபதியின் மைனர் கார்

பழங்காநத்தத்தில் பசுபதியைக் கார் குமாஸ்தா என்றுதான் சொல்வார்கள். தல்லாகுளம் கோர்ட்டுக்கு வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்துப் போகிற மனுஷன், சாயங்காலமானால் பழைய மோரிஸ் மைனர் காரை வெளியே எடுப்பார். இருந்த ஒரே வீட்டையும் விற்று, வக்கீல் ஒருவரிடம் அந்தக் காரை வாங்கி, அதே தெருவில் வாடகைக்குக் குடியேறியவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்?

காரணம் அவர் மனைவி பாலாம்பாள். ஒரே மகள் ஜானு விஷக் காய்ச்சலில் போனதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. பேச்சுக்கும் திறக்கவில்லை, சோற்றுக்கும் திறக்கவில்லை. கெஞ்சியாயிற்று, அதட்டியாயிற்று, மந்திரித்தாயிற்று. மயங்கி விழுந்தவளை வக்கீலின் காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோதுதான் அது நடந்தது. பின்சீட்டில் கிடந்த பசுபதியின் டிபன் டப்பாவை அவள் தானே எடுத்துத் திறந்து, தயிர்சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். முன்சீட்டிலிருந்த பசுபதி திரும்பிப் பார்க்கப் பயந்து, கண்ணாடியில் பார்த்து அழுதார்.

அன்றிலிருந்து தினமும் அதே காரில் திருப்பரங்குன்றம் ரோட்டில் போய் வருவார்கள். காற்றும் மரமும் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று பசுபதி நினைத்துக்கொண்டார். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தால் மற்றவர்கள் எஞ்சினை அணைப்பார்கள், இவர் அணைப்பதில்லை. ஒருமுறை அணைத்தபோது கவளத்தோடு போன அவள் கை பாதியில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை. அவள் சாப்பிடுகிறாளே, அந்தச் சந்தோஷத்தில் எந்த யோசனை வரும்?

அந்த வருஷம் ஐப்பசியில் கார் படுத்துவிட்டது. அவனியாபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சோணைமுத்து எஞ்சினைக் கழற்றித் தரையில் இறக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கிராங்க்ல கீறல் விழுந்திருச்சு சார். சும்மா நின்ன எடத்துல ஓடும். கியரைப் போட்டு இழுத்தா ஒடிஞ்சு போயிரும். மாத்திப் போடச் சாமானும் கெடைக்காது."

பக்கத்தில் இன்னொரு எஞ்சின் கிடந்தது. மரத்தில் மோதி நொறுங்கிய, பிந்தின மாடல் மைனரிலிருந்து எடுத்தது. "இது ஓவர்ஹெட்டு சார். உங்களதுல வால்வெல்லாம் பக்கவாட்டுல அடக்கமா இருக்கும். இதுல தலைக்கு மேல இருக்கும். இழுவை எம்புட்டு வேணும்னாலும் இழுக்கும்."

"சத்தம்?"

"கொஞ்சம் டக்குடக்குன்னு இருக்கும். போகப் போகப் பழகிரும்."

பசுபதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தமில்லாத பழசு நகராது. நகர்கிற புதுசு சத்தம் போடும். வீட்டில் பாலாம்பாள் வெறும் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி வெங்கட்ரமணன் வேறு ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தான்.

"அத்திம்பேர், அக்கா எலும்பும் தோலுமா ஆயிட்டா. சித்தம் கலங்கினவாளைக் கொண்டு போய் விடற அந்தக் கோயில்ல ஒரு மண்டலம் வச்சா சரியாகும்னு எல்லாரும் சொல்றா. நான் அழைச்சிண்டு போறேன்" என்றிருந்தான் காலையில்.

"அங்கே சங்கிலியில கட்டுவாடா."

"கட்டினாலும் ஊட்டுவா. இங்கே என்ன பண்றேள்?"

ஒர்க்‌ஷாப்பில் அந்தக் கேள்விதான் பசுபதியின் காதில் ஒலித்தது. நகராத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? "ஓவர்ஹெட்டையே மாட்டுப்பா" என்றார்.

புது எஞ்சினோடு கார் வந்த சாயங்காலம் வெங்கட்ரமணனும் கூட ஏறிக்கொண்டான். பாலாம்பாள் பின்சீட்டில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். பசுபதி எஞ்சினைக் கிளப்பினார். டக்குடக்கென்ற சத்தம் எழுந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தெருமுனை தாண்டுவதற்குள் டப்பா பறந்து கண்ணாடியில் மோதியது. பசுபதியின் தோளெல்லாம் தயிர்சாதம். ஓடுகிற காரில் அவள் கதவைத் திறக்கப் போக, வெங்கட்ரமணன் கட்டிப்பிடித்து அமுக்கினான்.

"போதும் அத்திம்பேர். நாளை ராத்திரி ரயில்ல நாங்க கிளம்பறோம்."

பசுபதி இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் தயிர்சாதக் கறையோடு அவனியாபுரத்துக்கு வண்டியைத் திருப்பினார். வழியில் அந்த ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் போகிற வரைக்கும் அந்த டக்குடக்கைக் கேட்டுக்கொண்டு நின்றவருக்கு, இதே இடத்தில் பாதியில் நின்ற அவள் கை ஞாபகம் வந்தது. அப்போது கார் ஓடவில்லை, சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. நின்றது எஞ்சின் சத்தம் மட்டும்தான். அடப்பாவி, இது இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"பழசையே திரும்ப மாட்டு" என்றார் சோணைமுத்துவிடம்.

"வெளையாடுறீங்களா சார்? அது கேட்டு வரைக்கும்கூடப் போகாதே!"

"போக வேண்டாம்பா. நின்னா போதும்."

சோணைமுத்து கோபத்தில் ஸ்பேனரை விட்டெறிந்தான். அப்புறம் அவர் தோளில் காய்ந்திருந்த சோற்றைப் பார்த்தான். குனிந்து அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் மைனர் காரைக் கயிறு கட்டி ஒரு வேன் இழுத்து வந்து வாசலில் விட்டது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. வெங்கட்ரமணன் கையில் பெட்டியோடு நின்றான். பசுபதி பாலாம்பாளைப் பின்சீட்டில் உட்கார்த்தி, மடியில் டப்பாவை வைத்தார். முன்பக்கம் போய் ஹாண்டிலைச் சுற்றினார். முதல் சுற்றில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவதில் பழைய எஞ்சின் பிடித்துக்கொண்டு, அடங்கின குரலில் முனக ஆரம்பித்தது.

ஓடிப்போய் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தார். சோணைமுத்து அனுப்பும்போது சொல்லியிருந்தான்: "எப்ப வேணாலும் ஒடியும் சார். இன்னைக்கும் ஒடியலாம், வருசமும் தாங்கலாம்." இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார்.

பாலாம்பாள் அசையவில்லை. வெங்கட்ரமணன் கதவுப் பிடியில் கை வைத்தான். பசுபதி வேண்டாமென்று தலையசைத்தார். அந்த நேரம் டப்பாவின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு வாய். இன்னொரு வாய். வெங்கட்ரமணன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பாதி டப்பா காலியானதும் அவள் தலையை நிமிர்த்தி முன்னால் பார்த்தாள். முன்னால் நின்றதெல்லாம் வேடிக்கை பார்க்கிற ஜனம்தான். ஜானு போன பிறகு முதல்முறையாக அந்தக் குரல், துருப்பிடித்துப் போய், வெளியே வந்தது.

"ஏன்னா, இன்னும் கேட் திறக்கலையா?"

பசுபதி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் இல்ல பாலா. ரயில் வரணும். நீ சாப்பிடு."