துவைக்கக் கூடாத துணி

எந்தத் துணியைக் கண்டாலும் சலவைக்கடைக்காரியின் கை சும்மா இராது. கறை எங்கே, காலர் எங்கே என்று விரல்கள் தாமே தேடும். கடைக்குப் பின்னால் இருந்த அவள் வீட்டில், வாசற்கதவை ஒட்டி ஒரு சோடி ஆண் செருப்பு ஓராண்டாக இடம் மாறாமல் கிடந்தது.

அவள் கணவன் பேருந்து நடத்துநர். ஓடும் வண்டியில் இடக்காலை ஊன்றியே நின்று பழகியவன் ஆதலால், அவனது இடச்செருப்பின் வெளியோரம் மட்டும் தேய்ந்திருக்கும். சென்ற ஆண்டு ஒரு மாலை, நீலக் கோடிட்ட சட்டையும் பணிக்குரிய காலணியும் அணிந்து புறப்பட்டவன், பணிக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. இறந்தான் என்று சொல்ல எவரும் இல்லை. இருக்கிறான் என்று சொல்லவும் எவரும் இல்லை. அதனால் அவள் கதவுக்குத் தாழிடுவதே இல்லை.

தன்னோடு வந்துவிடும்படி தங்கை பலமுறை அழைத்துப் பார்த்தாள். அக்கா அசையாததால், மூச்சு விடுகிற உயிர் ஒன்றாவது அந்த வீட்டில் இருக்கட்டும் என்று விலங்குக் காப்பகத்துக்கு அவளை அழைத்துப் போனாள்.

அங்கே கூண்டுதோறும் பூனைக்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. சாம்பல் நிறக் குட்டி ஒன்று மட்டும் வாய் திறவாமல், சலவைக்கடைக்காரியின் கையை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு தேடி வந்த இடம் கிடைத்துவிட்டாற்போல் அவள் தோளில் ஏறிப் படுத்தது. பராமரிப்புப் பெண் அழுக்கேறிய கந்தல் ஒன்றையும் கூடவே கொடுத்தாள்.

"இதுல சுத்தி யாரோ கேட் பக்கத்துல வெச்சுட்டுப் போயிருந்தாங்க. அப்போ கண்ணுகூடத் திறக்கல. கொஞ்ச நாளைக்கு இதைத் துவைச்சுடாதீங்கம்மா. அதுக்கு இந்த வாசனைதான் தாய்."

"யாருகிட்டப் போய்ச் சொல்றீங்க," என்றாள் தங்கை. "அசந்தா எங்க அக்கா பூனையையே துவைச்சு இஸ்திரி போட்டுடுவா."

வீட்டில் இறக்கிவிட்டதும் குட்டி பாலை நாடவில்லை. மூலை முடுக்கை ஆராயவில்லை. நேரே வாசலுக்கு நடந்து, இடச்செருப்புக்குள் தலையை நுழைத்து உறங்கியது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில் எழுந்தது. மூடிய கதவின் முன் வாலை நிமிர்த்தி, அறிந்தவரை வரவேற்பது போல் மெல்லக் குரல் கொடுத்தது. வெளியே காலடி ஓசை ஏதும் இல்லை. மறுநாள் மாலையும் அவ்வாறே நின்றது; அதற்கடுத்த மாலையும் நின்றது.

இதைத் தொலைபேசியில் தங்கையிடம் சொன்னாள். "அதைத் திருப்பிக் குடுத்துடுக்கா. எனக்கு என்னமோ சரியாப் படல," என்றாள் தங்கை. அக்காவுக்கு மனம் வரவில்லை.

ஒரு நண்பகலில், ஊறவைக்க வாரியெடுத்த துணிகளோடு அந்தக் கந்தலும் தொட்டிக்குள் போயிற்று. கைப்பழக்கம் எச்சரிக்கையை முந்திக்கொண்டது. அவள் உணர்ந்தபோது நீர் கறுத்திருந்தது. அழுக்குக்கு அடியிலிருந்து நீலக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. காலரைத் திருப்பினாள். வாடிக்கையாளர் துணிகளுக்கு அவள் மையால் குறியிடுவாள். வீட்டுத் துணிகளுக்குச் சிவப்பு நூலால் சிறு முடிச்சு. முடிச்சு அவிழாமல் இருந்தது.

அவன் போய் ஓராண்டு ஆகிறது. குட்டிக்கோ இன்னும் பால்பற்கள் விழவில்லை. அப்படியானால் அண்மைக்காலம் வரை இச்சட்டை அவன் உடம்பில் இருந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றாக இருந்தது அதன் வாசனை ஒன்றே. சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சவர்க்காரம் மட்டுமே மணத்தது.

இத்தனை நாளும் அவன் இறந்திருப்பானோ என்றே அஞ்சினாள். இப்போது மூண்டது வேறோர் அச்சம். குட்டி மாலைதோறும் வரவேற்பது அவனைத்தான். உயிரோடு, நடந்து வரும் தொலைவில் இருந்துகொண்டு, அந்தியில் இந்தக் கதவுவரை வந்து நின்று, தாழில்லாத கதவைத் தொடாமலே திரும்பிப் போகிறான்.

அன்று விளக்குகள் எரிந்தன. குட்டி எழுந்து வாலை நிமிர்த்தியது. அவள் கதவைத் திறந்தாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. செருப்புகளை எடுத்து வெளிப்படியில் வைத்து, ஆளில்லா இருளை நோக்கிச் சொன்னாள்:

"கதவு திறந்துதாங்க இருக்கு. வர்றதா இருந்தா வாங்க. இல்லேன்னா இதையாவது போட்டுக்கிட்டுப் போங்க."

கதவைச் சாத்திவிட்டு இஸ்திரி மேசையருகே அமர்ந்தாள். குட்டியின் வால் நெடுநேரம் நிமிர்ந்தே இருந்தது; பின்பு மெல்லத் தாழ்ந்தது.

காலையில் படியில் அந்தச் செருப்புகள் இல்லை. அவை இருந்த இடத்தில் வார் அறுந்த பழஞ்செருப்புச் சோடி ஒன்று ஒழுங்காக, ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் இடச்செருப்பின் வெளியோரம் தரை தெரியுமளவு தேய்ந்திருந்தது. குட்டி அவளைக் கடந்து ஓடி, அதற்குள் தலையை நுழைத்து உறங்கிப்போனது.

அவள் குட்டியோடு சேர்த்தே அவற்றைத் தூக்கிக் கதவோரப் பழைய இடத்தில் வைத்தாள். சேறும் புழுதியும் அப்பியிருந்தன. கை தானாகவே ஈரத்துணியை எடுத்தது. சற்று நின்று, அதைத் திரும்ப வாளியில் போட்டாள்.