எல்லாவற்றுக்கும் 'இல்லை'

முதலில் நான் சந்தேகப்பட்டது எங்கள் விஜயநகர் வீட்டு ஃபிரிட்ஜை. கொய்ய்ங் என்று ஒரே சுருதியில் ஒரு சத்தம். ஃபிரிட்ஜை நிறுத்தினேன், போகவில்லை. யூபிஎஸ்ஸை நிறுத்தினேன், போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெயினையே இறக்கிவிட்டேன். டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கணவர், "அய்யய்யோ, கடைசி ஓவர்! ஏன்மா என் உசிர வாங்குற?" என்று அலறினார். வீடு செத்துக் கிடந்தது. சத்தம் மட்டும் சௌக்கியமாக இருந்தது. அது என் இடது காதுக்குள் குடியிருப்பது அப்போதுதான் புரிந்தது.

நான் நர்ஸ். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவில் இருபது வருஷமாக இருக்கிறேன். காதில் இரைச்சல் என்று வந்தவர்களிடம், "ஒண்ணும் இல்ல, பழகிடும்" என்று சொல்லி அனுப்பியவள். எனக்கு நானே அதையே சொல்லிக்கொண்டேன். சனியன், பழகவில்லை. தூக்கம் போனது. தொண்டை சரியில்லை என்று பொய் சொல்லி, சர்ச்சில் பாடுவதை நிறுத்தினேன். கணவர் கரண்டியைக் கீழே வைத்தால் கத்தினேன். பிறகு கத்துவதும் நின்றுபோனது. அது இன்னும் மோசம். துணி மடிக்கும்போது, இனி எதற்கு இருக்க வேண்டும் என்று ஒரு யோசனை வரும். பால் வாங்க வேண்டும் என்று தோன்றுவதுபோல, பதற்றமே இல்லாமல் வரும். யாரிடமும் சொல்லவில்லை. நர்சுக்கே மனசு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரி முழுக்கப் பேசுவார்கள்.

அதனாலேயே காதைக் காட்ட வேறு கிளினிக்குக்குப் போனேன். கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு படிவம் கொடுத்தார்கள். தூக்கம் கெடுகிறதா, எரிச்சல் வருகிறதா, பயமா என்று பத்துக் கேள்வி. எதிரே ஆம், இல்லை.

இதே படிவம் எங்கள் பிரிவிலும் உண்டு; அதோடு எனக்குப் பழைய உறவு. வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது ஒவ்வொன்றாக யார் கேட்டுக்கொண்டிருப்பது? "வேற ஒண்ணும் தொந்தரவு இல்லியே?" என்றபடியே, 'இல்லை' வரிசையில் மேலிருந்து கீழே டிக் அடித்துக்கொண்டு போவேன். ஆளுக்கு அரை நிமிடம். எங்கள் பிரிவிலேயே நான்தான் வேகம். கைப்பழக்கம் விடுமா? என்னுடையதையும் அப்படியே முடித்துக் கொடுத்தேன்.

காதைப் பரிசோதிக்கிற பெண் ஹனூர்ப் பக்கத்துக்காரி, கன்னட ஊரில் தமிழ் பேசுகிறவள். தாளைப் பார்த்தாள்.

"நீங்க சிஸ்டருங்களா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இத்தன நேரா டிக் அடிக்கறது அவுங்கதானுங்க," என்று வேறு தாள் எடுத்தாள். "நான் கேக்கறேனுங்க, நீங்க சொல்லுங்க."

கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். பதில் வரும்வரை தாளைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். வெளியே ஆள் நிற்கிறது, இவளுக்கு அவசரமே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒன்பதாவது கேள்வி: "இனி இருந்து என்ன பண்றதுன்னு எப்பவாச்சும் தோணுதுங்களா?"

வெளிச்சத்தம் புகாத அறை அது. எனக்கு மட்டும் கொய்ய்ங். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் டிக் அடித்த அத்தனை பேரில் யாராவது இந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கப் போயிருப்பார்களோ, அதற்குள் நான் பத்தாவதையும் முடித்திருப்பேனோ என்று நினைத்தேன்.

"தோணுது," என்றேன். அழுதுவிட்டேன்.

அவள் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டாள். "வெளிய இருக்கற சாரைக் கூப்பிடட்டுங்களா?"

கணவர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். "இதுக்கா மெயினை இறக்குன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, மகராசி?" என்றார். என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இப்போது மனநல மருத்துவரிடமும் போகிறேன். சத்தம் இருக்கிறது. தூக்கமும் இருக்கிறது. அந்த யோசனை வருவது குறைந்துவிட்டது, வந்தால் கணவரிடம் சொல்லிவிடுகிறேன். வேலையில் ஒரு படிவத்துக்கு எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. எங்கள் பிரிவிலேயே நான்தான் தாமதம். மேட்ரன் "பேக, பேக" என்று கன்னடத்தில் விரட்டுகிறார்.

போன வாரம் கொள்ளேகாலிலிருந்து ஒரு அம்மா முதுகுவலி என்று வந்தார். எட்டுக் கேள்விக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஒன்பதாவதுக்குப் பேசவில்லை. வாசலில் மேட்ரனின் தலை தெரிந்தது. நான் பேனாவை மூடி வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா, "கதவச் சாத்துங்க சிஸ்டர், சொல்றேன்," என்றார்.