ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த ஸ்கோப்

சாந்தன்பாறைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்பை எரித்து, குழாய் வழியாக வரும் சூட்டில் உலர்த்தி எடுக்க வேண்டும். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாலு பேர் கூடி நின்றால் எனக்கு வாய் திறக்க வராது. அதனால் ஆள் இல்லாத அந்தச் சூட்டறை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்த சரிவில் ஒரு அக்காவுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அப்பா இறந்த பிறகு அவருடைய ரைபிளையும் லைசென்ஸையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். வெள்ளாமையை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்குப் பஞ்சாயத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரே பெண் அவர்தான்.

பார்வை கொஞ்சம் மங்கியதால் ரைபிளுக்குக் குறிபார்க்கும் கண்ணாடிக் குழல், அதாவது ஸ்கோப், போட வேண்டும் என்று கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பெரிய குழலாக ஒன்றை எடுத்து வைத்து, மலையுச்சியில் இருக்கும் ஆடுகூடத் தெரியும் என்றாராம். அக்கா அதைக் கடையின் பின்கட்டுக்குக் கொண்டுபோய், இருட்டு மூலையில் கிடந்த சாக்குமூட்டையைப் பார்த்திருக்கிறார். பிறகு அளவில் சின்ன ஒன்றை வாங்கி வந்தார்.

"ஏலத்துக்குள்ள அம்பது அடிக்கு மேல எங்க தெரியுது? அவ்வளவு பெருசாக் காட்டுனா பன்னி தெரியாது, பன்னி மசிருதான் தெரியும்" என்று என் மனைவியிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதை மாட்டியது எங்கள் ஸ்டோர் வராந்தாவில். அங்கே இருந்த சிமெண்டு மேடை நல்ல சமமாக இருக்கும். அடிக்கட்டையைக் கடையிலேயே துளை போட்டு ரைபிளில் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். அதன்மேல் இரண்டு வளையம் வைத்து, அதில் ஸ்கோப்பை உட்கார வைக்க வேண்டும். ரைபிளில் தோட்டா இல்லை என்று அக்கா மூன்று தடவை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறந்தார். வட்டம் முழுசாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி இதையே செய்தார். கண்ணுக்கு ரொம்பக் கிட்டே இருந்தால் சுடும்போது பின்னால் உதைத்துப் புருவத்தைக் கிழித்துவிடுமாம்.

எதிரே தூணில் நூலில் ஒரு போல்ட்டைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். நான்தான் கட்டினேன். ஸ்கோப்புக்குள் தெரியும் நெடுங்கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்கும்வரை திருப்பினார். ஸ்க்ரூக்களை ஒரேயடியாக முறுக்கவில்லை. இந்தப் பக்கம் கால் சுற்று, எதிர்ப்பக்கம் கால் சுற்று என்று மாறி மாறி இறுக்கினார். கடைசியில் மடியிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்து வளையம் வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். ஸ்க்ரூ தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

"துப்பாக்கிக்குக் கல்யாணமா அக்கா?" என்றாள் என் மனைவி.

"எனக்குத்தான் ஆகல. அதுக்காவது ஆகட்டும்" என்றார்.

லென்ஸைத் துடைக்க ஒரு சின்ன பிரஷும், கண்ணாடிக் கடையில் கொடுக்கும் துணியும் வைத்திருந்தார். சேலை முந்தானை அதில் பட்டு நான் பார்த்ததில்லை. மாதம் ஒருமுறை பழைய கல்குவாரியின் மண்சுவரில் மூன்று தோட்டா சுட்டு, குறி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

இந்த மழைக்காலத்தில் ஒரு பன்றி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து தோட்டத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் காய் எடுக்கப் போன ஒரு பெண்ணின் தொடையைக் கிழித்துவிட்டது. அது ஏற்கெனவே காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்த பன்றி. பஞ்சாயத்து ஆர்டர் கொடுத்தது. மறுநாள் சாயங்காலம் சுடுவது என்று முடிவாயிற்று. என் மனைவியும் தினமும் அந்தப் பாதையில்தான் வேலைக்குப் போகிறாள்.

அன்றைக்கே இடம் பார்க்கப் போன அக்கா மழையில் மாட்டிக்கொண்டு, தொப்பலாக ஸ்டோருக்கு வந்தார். ஸ்கோப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "தம்பி, எங்க வீட்ல சுவரெல்லாம் ஈரம். இது இங்க வராந்தாவுல காத்தாட இருக்கட்டும். நான் இதைத் துடைச்சுப் பூட்டிட்டு வாரேன்" என்று ரைபிளோடு போய்விட்டார்.

எங்கள் ஊரில் நனைந்தது எதுவானாலும் ஸ்டோருக்குத்தான் வரும். பள்ளிக்கூட யூனிபாரம், கம்பளி, ஒருமுறை ஓடையில் விழுந்த போன். அந்தப் போனை நான்தான் பிழைக்க வைத்தேன். அந்த நினைப்பில் ஸ்கோப்பையும் கொண்டுபோய், சீக்கிரம் காயட்டும் என்று, குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் அடித்தட்டில் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தபோது, திருகும் குமிழுக்கு அடியில் பசை கொஞ்சம் கசிந்து, கறுப்பு ரப்பர் நூல்போல வெளியே வந்திருந்தது. நகத்தால் உள்ளே தள்ளித் துடைத்துவிட்டேன்.

அக்கா வந்து பார்த்தார். "பளபளன்னு இருக்கே. ஸ்டோர்க்காரர் கைன்னா சும்மாவா" என்றார். நான் தரையைப் பார்த்துச் சிரித்தேன். மழை விட்டிருந்ததால் அதை மாட்டிக் குவாரிக்குப் போய் நல்ல வெயிலில் மூன்று தோட்டா சுட்டார். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தன. இனி ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் மூன்றரை மணிக்கு ஓடைக்கரையில் பஞ்சாயத்து மெம்பர், பாரஸ்ட் கார்டு, நாய்களோடு இரண்டு பேர், லயத்து ஆட்கள் என்று இருபது பேர் கூடியிருந்தோம். அக்கா எல்லோரிடமும் சொன்னார்: "ஒரே அடியில விழணும். அரைகுறையா அடிச்சு விட்டோம்னா அப்புறம் இந்தப் பாதையில மனுசர் நடக்க முடியாது." மனைவி கூட்டத்தில் நின்றிருந்தாள். அக்கா பாறைப் பக்கம் நடக்க ஆரம்பித்ததும், "அக்கா, அதை நான் உள்ள வச்சேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்தியே சொல்லிவிட்டேன்.

"ஸ்கோப்பையா? ஏலக்கா மாதிரிக் காயப் போட்டீங்களா அண்ணே? நல்லா வாசம் வருமே" என்றார் மெம்பர். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "எந்தத் தட்டு?" என்றார்.

"அடித்தட்டு."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். அங்க அறுபது டிகிரிக்கு மேல இருக்கும். பசை கசிஞ்சு, ரப்பரும் வெளிய வந்துது."

வைத்தியர் விவரம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு, தோட்டாவை எடுத்துவிட்டு ஸ்கோப்பைக் கழற்றினார். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிந்து, சில்லென்ற ஓடைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. மெம்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே எடுத்து வானத்தைப் பார்த்துப் பிடித்தவர், என்னைக் கூப்பிட்டு என் கண்ணில் வைத்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் வாயால் ஊதியதுபோல வெள்ளையாக இருந்தது. அதைத் துடைக்க வழியில்லை.

"ரப்பர் அடைப்பு விட்டுப்போய் உள்ள ஈரக்காத்து புகுந்திருக்கு. வெயில்ல தெரியல. பன்னி வர்ற நேரத்துக் குளிர்ல இப்படித்தான் ஆயிருக்கும்" என்றார். பிறகு மெம்பரிடம், "இன்னிக்கு வேண்டாம்" என்றார்.

"ஆர்டர் வாங்கியாச்சு சேச்சி, ஆளும் கூடியாச்சு."

"பன்னிக்கு ஆர்டர் தெரியாது மெம்பரே."

அடுத்த மூன்று நாளும் பெண்கள் ஜீப் ரோட்டைச் சுற்றி வேலைக்குப் போனார்கள். போகும்போது சிலர் என்னை ஏசினார்கள். என் மனைவி ஏசவில்லை. "அத்தனை பேர் முன்னாடி நீங்க பேசுவீங்கன்னு நான் நினைக்கல" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. "வராந்தாவுலன்னு சொன்னேனே ஒழிய, சூடு ஆகாதுன்னு சொல்லலையே" என்றார். துப்பாக்கிக் குழலின்மேல் இருக்கும் பழைய இரும்புக் குறியை வைத்தே குவாரியில் இரண்டு நாள் சுட்டுப் பார்த்தார். இருபத்தைந்து அடிக்குள் என்றால் தன் கண்ணை நம்பலாம் என்று கணக்குப் போட்டார். அதற்கேற்ப உட்காரும் இடத்தையும் மாற்றினார். பன்றி தண்ணீருக்கு இறங்கும் தடத்துக்கு நேர் மேலே ஒரு பாறை. அங்கிருந்து சுட்டால் தோட்டா மண்ணுக்குள்தான் போகும்.

மூன்றாம் நாள் வெளிச்சம் குறையத் தொடங்கும்போது ஒரு வெடிச்சத்தம் கேட்டது. இன்னொன்று கேட்டுவிடுமோ என்று லயத்து வாசலில் எல்லோரும் காது கொடுத்து நின்றோம். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா இறங்கி வந்து பாரஸ்ட் கார்டைக் கூப்பிட்டார். பன்றியின் பின்னங்காலில் யாரோ வைத்த சுருக்குக் கம்பி எலும்புவரை இறங்கியிருந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய முகம் வாடியது.

மறுநாள் காலை பெண்கள் குறுக்குப் பாதையிலேயே வேலைக்கு வந்தார்கள். ஸ்டோரைக் கடக்கும்போது ஒருத்தி நின்று, "அண்ணே, புல்லுல நடந்து சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. உங்க அடித்தட்டுல இடம் இருக்கா?" என்றாள்.

அறுபது டிகிரி தாங்குமா என்று கேட்டேன். என் மனைவிதான் முதலில் சிரித்தாள்.